மழையில் நனைந்த வண்டி

நல்ல அண்டைவீட்டார், விசாலமான வீடு, சுகமான வாகனம் ஆகியவை ஒரு மனிதனின் நற்பேறுகளைச் சேர்ந்தவை என்பது நபி (ஸல்) அவர்களின் வாக்கு. இமாம் புகாரி தொகுத்த அல்அதபுல் முஃப்ரதில் இந்த ஹதீஸ் இடம்பெற்றுள்ளது. ஆகவே, பழைய நூறு சிசி வண்டியைக் கொடுத்துவிட்டு, நெடுந்தூரப் பயணத்திற்கு ஏற்ற 350 சிசி வண்டியொன்றை இரண்டாம் கையாக வாங்க எண்ணுவது வீண்விரயம் ஆகிவிடாது. மேலப்பாளையத்திலிருந்து தென்காசிக்கு மனைவியைப் பின்னால் அமர்த்திச் சென்று திரும்பும் எனக்கு, முதுகுவலியே போதிய காரணமாயிற்று.

சிக்கல், மாற்றும் இடத்தில் எழுந்தது. வாங்க வந்தவர் டயரைப் பார்த்தார், இன்ஜின் ஓசையைக் கேட்டார், விலை சொன்னார். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, தாமிரபரணி கரைபுரண்ட அந்நாளில், நெல்லை சந்திப்பில் உறவினர் வீட்டு வாசலில் நின்ற என் வண்டி இருக்கை வரை மூழ்கியிருந்தது.

‘கேட்காததற்கு ஏன் பதில் சொல்ல வேண்டும்?’ என்று மனம் வாதிட்டது. அப்போதுதான் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்ட நபி (ஸல்) அவர்களின் விரல்களில் ஈரம் பட்டது. மழை பெய்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் காணும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என எச்சரித்தார்கள். அங்கும் மழைநீர்தான், அங்கும் வாங்குபவர் எவரும் கேட்டிருக்கவில்லை.

உண்மையைச் சொன்னேன். விலையில் நாலாயிரம் ரூபாய் குறைந்தது.

“வியாபாரிக்குத் தெரியாததா? அவர் பழுது பார்த்துத்தானே விற்பார்?” என்று நண்பர்கள் கேட்டனர். வெள்ளநீர் வயரிங்கிலும் பேரிங்கிலும் செய்யும் அரிப்பு உடனே வெளிப்படாது. மாதங்கள் கழித்தே தலைகாட்டும். நான்குவழிச்சாலையில் இரவில் முகப்பு விளக்கு அணைந்தால், அந்த வண்டியில் இருப்பவர் நாம் அறியாத ஒரு குடும்பத்தின் பிள்ளையாக இருப்பார். நாலாயிரத்திற்காக அந்த ஆபத்தை அவர் தலையில் ஏற்றலாமா?

வாங்கும்போதும் விழிப்பு வேண்டும். இன்ஜின் ஆயில் பால் நிறத்தில் இருக்கிறதா, இணைப்புகளில் பச்சைக் களிம்பு படிந்திருக்கிறதா, ஏர் ஃபில்டர் பெட்டியில் வண்டல் உண்டா என்று பாருங்கள். வெள்ளத்தில் நின்றதா என்று நேரடியாகவே கேளுங்கள். மறைக்கப்பட்ட குறை பின்னர் தெரியவந்தால், பொருளைத் திருப்பித் தரும் உரிமையை மார்க்கச் சட்டம் வாங்கியவருக்கு அளிக்கிறது.

பதிவுச் சான்றின் பெயர்மாற்றமும் அமானிதமே. மாநிலத்திற்குள் விற்றவர் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவு. பெயர் மாறாத வண்டி விபத்துக்குள்ளானால், பதிவில் உள்ளவரே உரிமையாளராகக் கருதப்படுவார் என உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்துள்ளது.

விலை வித்தியாசத்தை வட்டிக் கடனால் நிரப்பாமல், சேமித்துக் கொடுப்போம். அதற்குச் சில மாதங்கள் பழைய வண்டியிலேயே போனாலும் சரியே. சுகமான வாகனம் அல்லாஹ்வின் அருட்கொடை. இன்னொருவருக்குத் தீங்கை விற்று அதை அடைந்தால், அதில் பரக்கத் எங்கிருந்து வரும்?