படுக்கையிலும் ஒரு பணி

முதியோரை முன்வரிசை நாற்காலியில் அமர்த்தி, பண்டிகைதோறும் சால்வை போர்த்திவிட்டால் தங்கள் கடமை தீர்ந்தது என்று எண்ணும் திருச்சபையார், திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் வாழ்ந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் இறுதிக் காலத்தைச் சற்று நிதானமாக ஆராய்ந்து பார்ப்பது நலம்.

அயர்லாந்தில் பிறந்து, இங்கு ஆதரவற்ற குழந்தைகளுக்கெல்லாம் அன்னையாக விளங்கிய அவர், 1931-ஆம் ஆண்டு களக்காட்டில் வைத்தியசாலைக்கென ஒரு வீட்டைப் பார்வையிடச் சென்றவிடத்தில் குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அப்போது வயது 63. அன்றுமுதல் 1951-இல் தேகவியோகமாகும் வரை, ஏறத்தாழ 20 ஆண்டுகள், பெரும்பாலும் அறையை விட்டகலாத நோயாளியாகவே கழித்தார்.

ஆயினும், நோயுற்றோரைத் தேற்றும் புத்தகங்களைத் திடகாத்திரமானவர்களே எழுதுகிறார்கள் என்ற மனக்குறை (நியாயமான குறைதான்!) உடையவராதலின், நோயாளி நோயாளிகளுக்கு வரைந்த மடல்களாகவே ஒரு நூலை 1933-இல் வெளியிட்டு, அதன் பின்னரும் படுக்கையிலிருந்தபடியே நூல் பல எழுதினார். வேதனை நீங்கவில்லை; விசுவாசம் அதை மாயமாய்ப் போக்கிற்று என்று அவர் பசப்பவுமில்லை.

முதுமை பணிக்குத் தடையன்று என்பதற்கு லூக்கா சுவிசேஷத்திலும் சான்றுண்டு: 84 வயது விதவையாகிய அன்னாள், குழந்தை இயேசுவைக் கண்டதும், மீட்புக்குக் காத்திருந்தோரிடம் அவரைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறாள்.

ஆகவே, சபையாரே, சால்வையோடு நின்றுவிடாதீர்கள். ஞாயிறு பள்ளியில் பாடம் சொல்லவும், மருத்துவமனையில் கிடப்போருக்குக் கடிதம் எழுதவும் உங்கள் முதியோரை அழையுங்கள்.