தொண்டர் வரட்டும், ஆசிரியர் எங்கே?

எழுத்துக்கூட்டத் தடுமாறும் குழந்தையின் அருகில் அமர்ந்து வாசிக்க வைக்கும் தன்னார்வலரின் உழைப்பு போற்றத்தக்கதே. 1990இல் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்றதும் தொண்டர்களால்தான். 2016இல் தொடங்கி 2021இல் புதுப்பிக்கப்பட்ட ‘வித்யாஞ்சலி’ திட்டத்தின் கோளாறு தொண்டரிடம் இல்லை. தன்னார்வலர் ஆசிரியருக்கு மாற்றல்ல என்கிறது ஒன்றிய அரசு. ஆனால் நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் இருப்பது ஒரே ஆசிரியர்! தொடக்கப்பள்ளியில் 60 குழந்தைகள் வரை இருந்தாலே இரு ஆசிரியர்கள் வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். ஒருவரே ஐந்து வகுப்புகளையும் சமாளிக்கும் பள்ளியில், தன்னார்வலர் எங்கே ‘துணை’ நிற்பார்? ஆசிரியரே இல்லாத வகுப்பில்தான். அவர் வராத நாளில் குழந்தை யாரைக் கேட்கும்? பள்ளி மேலாண்மைக் குழுக்களில் உள்ள தோழர்கள், தன்னார்வலரை வரவேற்கும் அதே கூட்டத்தில் காலிப் பணியிடங்களை நிரப்பக் கோரும் தீர்மானத்தையும் கொண்டுவர வேண்டும்.