கூடாரத்துக்குச் சொந்தப் பொருள் இல்லையா?

நபி மூஸா (அலை) அவர்களுடன் சீனாய்ப் பாலைவனத்தில் அலைந்த இஸ்ராயீல் மக்கள், கழற்றிப் பூட்டத்தக்க வழிபாட்டுக் கூடாரம் ஒன்றைச் சுமந்து சென்றார்கள் என்று யாத்திராகமம் கூறுகிறது. சீத்தீம் மரத்தில், இரண்டரை முழ நீளமும் ஒன்றரை முழ அகலமும் அதேயளவு உயரமும் கொண்ட உடன்படிக்கைப் பெட்டி. அதன்மேல் பசும்பொன் மூடியாகிய கிருபாசனம். ஒரு தாலந்துப் பொன்னை அடித்துச் செய்த, ஏழு அகல்களுடைய விளக்குத்தண்டு. பன்னிரண்டு அப்பங்கள் வைத்த மேசை. இளநீலம், ஊதா, சிவப்பு நூல்களோடு மெல்லிய வெண்ணூலும் சேர்த்து நெய்த திரை. தச்சனிடம் கணக்குக் கொடுப்பதுபோல் அளவுகள் அடுக்கடுக்காய் வருகின்றன.

இவற்றுக்குக் கிறித்தவ அன்பர்களுள் ஒரு சாரார் கூறும் விளக்கத்தைக் கேளுங்கள். மரம், நபி ஈஸா (அலை) அவர்களின் மனிதத் தன்மையாம். அதைப் போர்த்திய பொன், தெய்வத் தன்மையாம். மேசையின் அப்பமும் அவரே, விளக்கின் ஒளியும் அவரே. நீலம் வானகம், ஊதா அரசுரிமை, சிவப்பு சிலுவையில் சிந்திய குருதி. மூன்றாம் நூற்றாண்டின் ஒரிகன் கூடாரத்தை இவ்வழியிலேயே விளக்கினார். எட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்துத் துறவி பீட் இதற்கெனத் தனி நூலே எழுதினார். அந்த மரபு இன்றும் ஓயவில்லை.

தம் வழிபாட்டில் ஒருவர் எதைக் கண்டும் உள்ளம் உருகட்டும். அதில் நமக்கு வழக்கில்லை. ஆனால், 'இப்பொருள்கள் இதற்காகவே அமைக்கப்பட்டன. ஆகவே இவை எம் கொள்கைக்குச் சான்று' என்று வாதாடும்போது, சான்றைச் சோதிக்கும் கடமை நமக்கு வந்துவிடுகிறது.

சோதனை எளிது. முடிவை முன்னரே மனத்தில் கொள்ளாத ஒருவர் இதே பொருள்களைப் பார்த்தால் இதே விளக்கத்துக்கு வருவாரா? அப்படிப் பார்த்த ஒருவர் இருக்கிறார். ஏறத்தாழக் கி.பி. 37இல் எருசலேமில் குருமார் குடும்பத்தில் பிறந்த ஜொசீபஸ், எருசலேம் ஆலயம் நின்றிருந்த நாளில் வாழ்ந்தவர், கி.பி. 70இல் அது அழிந்ததையும் கண்டவர். அவருக்குத் திரையின் நான்கு நூல்களும் நான்கு பூதங்கள்: வெண்ணூல் நிலம், ஊதா கடல், நீலம் காற்று, சிவப்பு நெருப்பு. ஏழு அகல்கள் ஏழு கோள்கள். பன்னிரண்டு அப்பங்கள் பன்னிரண்டு மாதங்கள். அதே திரை, அதே மேசை. பொருளோ முற்றிலும் வேறு! யார் கையில் கொடுத்தாலும் அவரவர் விரும்பிய எடையையே காட்டும் தராசை நாம் தராசு என்போமா?

கிறித்தவ வேதத்திலுள்ள எபிரெயர் நிருபம் திரையை ஈஸா நபியின் உடலுக்கு ஒப்பிடுவது உண்மையே. ஆயினும் அதே நிருபம், ஒன்பதாம் அதிகாரத்தில் இப்பொருள்களை வரிசைப்படுத்திய பின், இவற்றைத் தனித்தனியே விளக்க இது சமயமன்று என்று நிறுத்திக்கொள்கிறது. நிருபம் நிறுத்திய இடத்தில் உரையாசிரியர்கள் நிற்கவில்லை.

இதில் என்ன கேடு என்று கேட்கலாம். கூடாரம் வெறும் நிழலே என்றால், மாலைதோறும் அவ்விளக்கை ஏற்றியவரும், ஓய்வுநாள்தோறும் அப்பம் மாற்றியவரும் தாம் செய்வது இன்னதென்று அறியாத குருடர்கள் ஆகிறார்கள். இது நம் கற்பனையன்று. ஸ்ட்ராஸ்பர்க் பேராலயத்தில் 13ஆம் நூற்றாண்டுச் சிற்பி இரு பெண்களை வடித்தான். திருச்சபை முடிசூடி நிமிர்ந்து நிற்கிறாள்; யூத மார்க்கமோ கண்கள் துணியால் கட்டப்பட்டு, முறிந்த ஈட்டியுடன் தலைகுனிந்து நிற்கிறாள். யூதர்களை இறைவனால் தள்ளப்பட்டவர்களாகக் காட்டலாகாது என்று கத்தோலிக்கத் திருச்சபை 1965இல் வத்திக்கான் சங்கத்தில் அறிவித்தது. அதை மனமார வரவேற்கிறோம். ஆனால் அந்தக் கண்கட்டை முதலில் நெய்தது இத்தகைய விளக்கமே என்பதை மறந்துவிடலாகாது.

பிறரைக் குறை சொல்லும் நாம் தூயவர்களா? உடன்படிக்கைப் பெட்டியைத் திருக்குர்ஆன் 'தாபூத்' என்று குறிக்கிறது (2:248). தாலூத்தின் ஆட்சிக்கு அது அடையாளம். அதில் இறைவனிடமிருந்து 'ஸகீனத்' எனும் மனஅமைதியும், மூஸா, ஹாரூன் குடும்பத்தார் விட்டுச்சென்றவற்றின் மிச்சமும் உண்டு. மலக்குகள் அதைச் சுமந்து வருவர். அவ்வளவே. மரமும் முழக்கணக்கும் அங்கில்லை. நம் விரிவுரைகளோ அவ்வளவில் அமையவில்லை. ஸகீனத்துக்குப் பூனைத்தலை உண்டென்றும், அது பொற்றட்டமென்றும் வந்த செய்திகளை இமாம் தபரீ பதிவு செய்திருக்கிறார். வெளிப்பொருளைத் தள்ளி மறைபொருளையே பிடித்துக்கொண்ட பாத்தினிய்யாக்களை மறுத்து இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தனி நூல் எழுத நேர்ந்ததும் நம் வரலாறுதான். இன்றும், புதுக் கண்டுபிடிப்பு ஒன்று செய்தித்தாளில் வந்த மறுநாளே அதற்கொரு வசனம் தேடித் தருவோர் நம்மிடையே இல்லையா? கூடாரத்தில் சிலுவையைக் காண்பவருக்கும் இவர்களுக்கும் முறையில் வேற்றுமை ஏது?

இவ்விரு சாராரும் பயில வேண்டிய பாடம் ஒன்று எகிப்தில் இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்து, அரபு மொழியில் எழுதிய யூதப் பேரறிஞர் மூஸா பின் மைமூன், கட்டளைகளின் காரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தவர். அப்ப மேசைக்கு வந்ததும், இதன் காரணம் எனக்குத் தெரியவில்லை என்று ஒளிக்காமல் எழுதிவிட்டார். அவர் முன்னோர் வழிபட்ட மேசை அது. ஒரு காரணம் புனைந்திருந்தால் தடுப்பார் எவருமில்லை. ஆயினும் புனையவில்லை. வேதத்தின்மீது கை வைக்கும் எவரும், நாம் உட்பட, முதலில் கற்க வேண்டியது அந்த நாணயத்தையே.