ரிப்பன் வெட்ட முடியாத செலவு

போலீசுக்குப் பணம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காவல்துறையை நவீனமாக்க மத்திய அரசு 1969-லிருந்து மானியம் தருகிறது. 2021-22 முதல் ஐந்தாண்டுகளுக்கு ஒதுக்கியது 26,275 கோடி ரூபாய். (காஷ்மீர், நக்சல் பகுதிச் செலவுகளும் இதில் சேர்த்தி.)

பயிற்சிக்கு? 2025-ம் ஆண்டின் இந்திய நீதி அறிக்கையைப் பாருங்கள். நாடு முழுக்கப் போலீஸ் பட்ஜெட்டில் நூறு ரூபாய்க்குச் சுமார் ஒன்றேகால் ரூபாய்! ஜீப் வாங்கினால் மந்திரி கொடியசைக்கலாம். ஏட்டுக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தால் எந்த ரிப்பனை வெட்டுவது?

புதுச்சேரி என்றதும் நமக்கு பீச் ரோடும் சிவப்புத் தொப்பி போலீசும்தான் ஞாபகம் வரும். வில்லியனூர், பாகூர் கொம்யூன்கள் வேறு உலகம். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன எல்லை, வயலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே வளைந்து வளைந்து போகும். வில்லியனூரைத் தாண்டினால் கண்டமங்கலம், அது விழுப்புரம் மாவட்டம். பாகூரிலிருந்து கொஞ்சம் வண்டியை முறுக்கினால் கடலூர் மாவட்டம். திருடனுக்கு இது பெரிய வசதி. "அது எங்க லிமிட் இல்லீங்க" என்று சொல்ல நினைக்கும் ரைட்டருக்கும்தான்.

ஆனால் அப்படிச் சொல்ல முடியாது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, கைது செய்யக்கூடிய குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவலைப் பதிவு செய்தாக வேண்டும். சோதனை போட்டால் வீடியோ எடுக்கணும். கொடுங்குற்றம் என்றால் தடயவியல் நிபுணர் வரணும். சரி, அவர் வந்து சேரும்வரை ரத்தக்கறையை யாரும் மிதிக்காமல் காப்பது யார்? முதலில் போய் நிற்கிற கான்ஸ்டபிள்தானே! அவருக்கு எத்தனை நாள் பயிற்சி கொடுத்தீர்கள்?

2023 மார்ச்சில் வில்லியனூரில் ஓர் அரசியல் பிரமுகரை நாட்டு வெடிகுண்டு வீசி வெட்டிக் கொன்றார்கள். குண்டு செய்கிறவனைப் பற்றி முன்கூட்டியே தெரிந்துகொள்ள எந்த மெஷினும் கிடையாது. தெருவில் நடந்து, டீக்கடையில் நின்று, நாலு பேரிடம் மரியாதையாகப் பேசுகிற போலீஸ்காரர் வேண்டும்.

கேமரா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் ஸ்டேஷனுக்குள்ளே வையுங்கள் என்கிறேன். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்றது. அதே வருஷம் ஜூனில் சாத்தான்குளத்தில் என்ன நடந்தது? கேமரா இருந்தது, ஹார்ட் டிஸ்க்கில் இடமும் இருந்தது. பதிவு தினமும் தானாக அழியும்படி செட் செய்திருந்தார்கள் என்று விசாரித்த மாஜிஸ்திரேட் எழுதினார். தந்தையும் மகனும் செத்துப்போனார்கள். மானியத்தில் எந்தக் கருவி வாங்கி இதைச் சரிசெய்வது?

இதையெல்லாம் கேட்க ஊரில் ஆள் வேண்டாமா? புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்ததே 2006-ல்தான். அந்தப் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. அப்புறம் வருஷக்கணக்கில் கொம்யூன் பஞ்சாயத்துகளை நடத்தியது அதிகாரிகள்தான்.

எனவே ஸ்டேஷன் வாசலிலேயே எழுதிப் போடுங்கள். இந்த வருஷம் எவ்வளவு வந்தது, என்ன வாங்கினோம், எத்தனை பேருக்கு எத்தனை நாள் பயிற்சி, உள்ளே இருக்கிற கேமராவில் எத்தனை மாதப் பதிவு இருக்கிறது. பொதுப்பணச் செலவை யாரும் கேட்காமலே வெளியிடணும் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு 2005-லேயே சொல்லிவிட்டது. ஒரு போர்டும் கொஞ்சம் பெயின்ட்டும்தான் செலவு.