பிறப்பே உரிமச் சீட்டா?

பழமையைப் போற்றுவோர் அனைவரும் பேதைகள் அல்லர். அவர்களுள் கூர்த்த மதியினர் உண்டு. எளிய வாழ்வினரும் உண்டு. அத்தகையோருள் முதல்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் இராசகோபாலாச்சாரியார். ‘சுயராஜ்யா’ ஏட்டில் வாரந்தோறும் அவர் எழுதிய சிந்தனைகளில் அரசாங்கத்தின் வரியும் வரும், இல்லத்தின் சிக்கனமும் வரும். மதுவின் கேடும் வரும், மந்திரிகளின் போக்கும் வரும். மாற்றாரின் வாதத்தை அதன் வலிவான இடத்தில் சந்திப்பதே நமக்கு அழகு. ஆதலால் அவரையே எடுத்துக்கொள்வோம்.

1959-ல் சுதந்திராக் கட்சியைக் கண்டபோது அவர் எழுப்பிய முழக்கம் என்ன? ‘பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்’ கூடாது என்பது. உழைத்து உயர விரும்புகிறவன் அரசாங்கத்தின் சீட்டுக்காகக் காத்துக்கிடப்பதா என்று கேட்டார். நியாயமான கேள்விதான்! 1967-ல் காங்கிரசை வீழ்த்திய அணியில் அவரும் கழகமும் ஒன்றாக நின்றதும் வரலாறே.

ஆனால், முதலமைச்சராக வீற்றிருந்து 1953-ல் அவர் கொணர்ந்தது என்ன? நாட்டுப்புறப் பள்ளிகளில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே பாடம். எஞ்சிய பொழுதில் பிள்ளை தகப்பன் தொழிலைக் கற்கவேண்டும் என்ற திட்டம்! பள்ளிகளைப் பெருக்கப் பணமில்லை என்றனர். உடலுழைப்பின் பெருமையைப் பிள்ளைகள் உணரட்டும் என்றனர். உழைப்பு பெருமைதான், மறுப்பார் யார்? எனில், அந்தப் பெருமை நகரத்துப் பிள்ளைக்கு மட்டும் ஏன் வேண்டாததாயிற்று? மதுரை மாநகரில் முழுநேரப் பள்ளி. திண்டுக்கல் சாலையில் சில கல் தொலைவிலுள்ள பரவை போன்ற ஊர்களுக்கு அரைநேரப் பள்ளி! இதுவா நீதி?

வணிகனுக்கு உரிமச் சீட்டு ஆகாது என்று வாதிட்டவர், அதற்கு ஆறாண்டுகள் முன்பே குழந்தைக்குப் பிறப்பையே உரிமச் சீட்டாக்கினார். எந்தக் காரியாலயத்தில் மனுக் கொடுத்தும் மாற்றிப் பெற முடியாத சீட்டு அது! அரசாங்கம் போட்ட பூட்டைக் கண்டு கொதிக்கும் பழமைவாதம், ஊர் போட்ட பூட்டைக் கண்டு ‘மரபு’ என்று கைகூப்புகிறது.

இத்தனைக்கும் ஆச்சாரியார் அறியாதவரா? 1939 சூலை 8-ல் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் நுழைந்தபோது, சட்டத்தின் காவலை அளித்தது அவருடைய அமைச்சரவைதான். கோயிற்கதவைத் திறக்க அரசின் கை வேண்டும் என்று அறிந்தவர், பள்ளிக்கதவைப் பாதி சாத்தலாமா? நாடு கொதித்தெழுந்தது, அவர் பதவி விலகினார். 1954-ல் காமராசர் முதலமைச்சரானார், திட்டம் மடிந்தது.

பழங்கதை என்று எண்ணிவிடாதீர்கள்! ஒன்றிய அரசு 2023 செப்டம்பர் 17-ல் தொடங்கிய விசுவகர்மா திட்டம், 18 வயதிலேயே கடன் தந்து பயிற்சி தர முன்வந்தது, யாருக்கு? குடும்பவழிக் கைத்தொழில்கள் என்று அது வகுத்த 18 தொழில்களில் இருப்போருக்கு! கைவினைஞர்க்குக் கடன் தருவதை எதிர்ப்பார் இல்லை. கல்லூரி வாயிலில் நிற்கவேண்டிய வயதில் குலத்தொழிலின் வாயிலைக் காட்டுவதைத்தான் எதிர்த்தோம். தமிழ்நாடு அதனை அவ்வடிவில் ஏற்க மறுத்தது. குடும்பத்தொழில் என்ற நிபந்தனை இல்லாத கலைஞர் கைவினைத் திட்டம், 35 வயது நிரம்பியோர்க்கென 2025-ல் வந்தது.

பரவைக் காய்கறிச் சந்தையில் மூட்டை சுமக்கும் தோழனின் மகள், விரும்பினால் அங்கேயே கடை வைக்கட்டும், விரும்பினால் மருத்துவராகட்டும். முடிவு அவளுடையதாக இருக்கட்டும்!

ஆகவே தோழர்களே, கைதட்டலோடு கடமை முடிவதில்லை. உங்கள் தெருவில் படிப்பை நிறுத்திய பிள்ளை யார் என்று விசாரியுங்கள். சான்றிதழுக்காக அலையும் தாய்க்குத் துணையாகக் காரியாலயம் செல்லுங்கள். கையூட்டுக் கேட்பவன் எவனாயினும் தட்டிக் கேளுங்கள். பெர்மிட் ராஜ்யமும் ஒழியும். அதனினும் கொடிய பிறப்பு ராஜ்யமும் ஒழியும்!