மாவுச்சத்தைக் குறைக்கச் சொல்வது யாரிடம்?

இந்திய இதயவியல் சங்கம் 2024 ஜூலையில் வெளியிட்ட கொழுப்புக் கோளாறு வழிகாட்டுநெறியைப் பற்றிய பேச்செல்லாம் எல்.டி.எல். இலக்குகளோடு நின்றுவிடுகிறது. நம் புறநோயாளிப் பிரிவில் அன்றாடம் மாறவேண்டியது டிரைகிளிசரைடு விஷயத்தில்தான். அதில் இவ்விதழின் நிலைப்பாடு இது.

முதலாவது, வெறும் வயிறு என்ற கட்டாயம் தளர்ந்ததை வரவேற்கிறோம். முதல் பரிசோதனைக்குச் சாப்பிட்டபின் எடுத்த நான்-எச்.டி.எல். போதும், டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் மட்டும் வெறும் வயிற்றில் மறுபடி பாருங்கள். கொல்லிமலை நோயாளிகளைப் பார்ப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். விடியலில் பட்டினியோடு கிளம்பி, 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, தலைசுற்றல் தாங்காமல் அடிவாரத்துக் காரவள்ளியில் ஒரு டீ குடித்தவரை, ‘நாளைக்கு வாங்க’ என்று லேபிலிருந்து திருப்பி அனுப்பியவர்கள்தானே நாம்.

இரண்டாவது, மருந்து. 500-க்கு மேல் கணைய அழற்சி பயம் இருக்கிறது. ஃபீனோஃபைப்ரேட் தொடங்கத் தயங்க வேண்டாம். அதற்குக் கீழே சர்க்கரை, தைராய்டு, மது, ஸ்டீராய்டு ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, ஆபத்துக்கு ஏற்ப ஸ்டேட்டின். நீரிழிவு நோயாளிகளிடம் பெமாஃபைப்ரேட் டிரைகிளிசரைடைக் குறைத்தும் மாரடைப்பைக் குறைக்கவில்லை என்று 2022-லேயே புரோமினென்ட் ஆய்வு காட்டிவிட்டது. ரிப்போர்ட்டை அழகாக்க ஃபைப்ரேட் எழுதும் பழக்கத்தை விடுவோம்.

மூன்றாவது, சர்க்கரையையும் மாவுச்சத்தையும் குறைக்கச் சொல்லும் அறிவுரை. மறுப்பதற்கில்லை, மிஞ்சிய மாவுச்சத்தைக் கல்லீரல் வி.எல்.டி.எல். ஆக்கி அனுப்புவது நமக்குப் பாடம். ஆனால் கொல்லிமலைச் செம்மேட்டிலிருந்து வருகிறவரின் சீட்டில் அதை எழுதும்போது நமக்கே கூச வேண்டும். நியாயவிலைக் கடையில் அரிசி 20 கிலோ, 35 கிலோ என்று இலவசம். துவரம்பருப்பு அட்டைக்கு ஒரு கிலோ. சாமையும் தினையும் விளைந்த சரிவுகளில் இன்று சேகோ ஆலைக்குப் போகும் குச்சிக்கிழங்கு. எதைக் குறைத்து எதை உண்பது?

சாமையும் மாவுச்சத்துதான், மருந்தல்ல. ஆனாலும் தீட்டிய அரிசியைவிட நார்ச்சத்து கூடுதல். உலக்கையில் குத்தும் பாட்டுக்குப் பயந்து பெண்கள் அதைக் கைவிட்ட ஊர்களுக்கு எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உமி நீக்கும் இயந்திரங்களைக் கொண்டுபோனது. வழி தெரியாமல் இல்லை. 2023-ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடினார்கள். அதே ஆண்டு ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கியது, நீலகிரியிலும் தருமபுரியிலும். சிறுதானியத்துக்கே பேர்போன கொல்லிமலை இருக்கும் நாமக்கல் அதில் இல்லை. யார் போட்ட பட்டியல் அது? எந்த மருத்துவரைக் கேட்டார்கள்? உணவுத் துறை அரிசியை ஏற்றி அனுப்புகிறது. சுகாதாரத் துறை அரிசியைக் குறைக்கச் சொல்லித் துண்டறிக்கை அச்சடிக்கிறது. இரண்டு துறையும் ஒரே கோட்டையில்தான் இருக்கின்றன.

மலை நியாயவிலைக் கடைகளில் சாமையும் கேழ்வரகும் வேண்டும், பருப்பின் அளவு இரட்டிப்பாக வேண்டும். மருத்துவர் சங்கக் கிளைகள் இதைத் தீர்மானமாக நிறைவேற்றி ஆட்சியருக்கு அனுப்பட்டும். அதுவரை உணவு அறிவுரை எழுதுமுன், வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று நோயாளியைக் கேளுங்கள்.