இரை எடுக்காத பாம்பைத் தனியே விடுங்கள்

2022 ஆகஸ்டில் பாங்காக்கிலிருந்து சென்னை வந்திறங்கிய ஒரு பயணியிடம் சுங்கத் துறையினர் பறிமுதல் செய்த உயிரினங்களில் 15 கிங் ஸ்நேக் பாம்புகளும் இருந்தன. இது ராஜநாகம் அல்ல. அமெரிக்கக் கண்டத்தின் நஞ்சற்ற பாம்பு. பண்ணையில் பிறந்ததுதானே, மனிதருக்குப் பழகியிருக்கும் என்று இதைச் செல்லப்பிராணியாக வாங்குபவர் நம்புகிறார். வந்த இடத்தில் அது இரையைத் தொடாதபோது பதறிப்போய்க் கையில் எடுத்துப் பார்க்கிறார், எலிக்குஞ்சை வாயருகே நீட்டுகிறார், மறுநாளும் அதையே செய்கிறார். பாம்பைப் பட்டினி போடுவது பெரும்பாலும் இந்தப் பதற்றம்தான்.

இடம் மாறிய பாம்பிடம் பசியை அச்சம் வென்றுவிடுகிறது. உடல் ஒட்டி அடங்கும்படி இரண்டு ஒளிவிடங்கள், ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு வாரம் யாரும் தொடாத அமைதி: முதலில் வேண்டியவை இவையே. அதன் பிறகு சிறிய எலிக்குஞ்சு ஒன்றை மாலையில் வைத்துவிட்டு விலகிவிட வேண்டும். கண் மங்கியிருந்தால் சட்டை உரிக்கப்போகிறது. அதுவரை இரையே வேண்டாம். முட்டையிலிருந்து வந்த குட்டியும் முதல் சட்டை உரித்த பிறகே உண்ணத் தொடங்கும். எலியை மறுக்கும் குட்டிகள் சில, பல்லி வாடை ஏற்றிய எலியை எடுக்கும். குளிர்நாட்டுக் கையேடுகள் பெட்டியைச் சூடாக்கச் சொல்கின்றன. வெயில் 40 டிகிரியைத் தாண்டும் திருப்பதியிலும் சித்தூரிலும் மே மாதத்தில் தேடித் தர வேண்டியது குளிர்ச்சியை. 30 டிகிரியை ஒட்டிய ஒரு மூலையும் அதைவிடக் குளிர்ந்த மறுமூலையும் இல்லாத பெட்டியில் பாம்பு உண்ணாது, உண்டாலும் செரிக்காது.

கண்ணெதிரே மெலிவதைப் பார்த்துக்கொண்டிருப்பதா என்று கேட்பது நியாயம்தான். ஆனால் நலமாக வளர்ந்த பாம்பு சில வாரங்கள் உண்ணாமல் தாங்கும். குட்டிக்கு அந்த அளவு தாக்குப்பிடிக்கும் வலு இல்லை. எடை தொடர்ந்து இறங்கினாலோ, வாயில் கோழை தெரிந்தாலோ கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். வாயைத் திறந்து இரையைத் திணிப்பது அவர் முடிவு செய்ய வேண்டியது. காட்டில் விட்டால் தானே பிழைத்துக்கொள்ளும் என்பது இன்னொரு வாதம். அது பிழைத்துக்கொண்டால்தான் ஆபத்து. ஸ்பெயினுக்குச் சொந்தமான கிரான் கனாரியா தீவில் இப்படிப் பரவிய கலிபோர்னியா கிங் ஸ்நேக், அத்தீவுக்கே உரிய பெரும்பல்லியைத் தான் குடியேறிய பகுதிகளில் ஏறக்குறைய இல்லாமலே செய்துவிட்டது. திருப்பதியை ஒட்டிய நம் சேஷாசலம் மலைப் பாறை இடுக்குகளில் அரிய தங்கப் பல்லி வாழ்கிறது. கிங் ஸ்நேக் பல்லியையும் தின்னும், மற்றப் பாம்புகளையும் தின்னும். வளர்க்க இயலாதவர் செல்ல வேண்டிய இடம் வனத்துறை அலுவலகம்.